அட்டையைப் பிரித்தால் தெரியும் தோள்

1974 தொடக்கத்தில் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு வயது 24. கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அவருடைய இரண்டு ஆல்பங்களையும் விமர்சகர்கள் பாராட்டினார்கள். காசு கொடுத்து வாங்கத்தான் ஆளில்லை. மூன்றாவதும் போணியாகாவிட்டால் கம்பெனி கைகழுவிவிடும் என்ற நிலை. நியூ ஜெர்சியின் கடலோர ஊரான லாங் பிராஞ்சில், ஒரு சின்ன வாடகை வீட்டில் அவர் எழுதத் தொடங்கிய பாட்டுதான் ‘பார்ன் டு ரன்’.

நாலரை நிமிடப் பாட்டு. அதைப் பதிவுசெய்ய ஆறு மாதம் பிடித்தது. அறுபதுகளில் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் எழுப்பிய ஒலிச்சுவர் மனதில் இருந்ததால், கிதார் மேல் கிதாராக அடுக்கிக்கொண்டே போனார். ஆல்பம் முடிய இன்னும் பல மாதங்கள் இருக்கையில், மேலாளர் மைக் ஏப்பல் இந்த ஒரு பாட்டை ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பிவைத்தார். நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கடையிலோ இசைத்தட்டு இல்லை. கம்பெனியின் பொறுமை நீண்டதற்கு அந்தத் தவிப்பும் ஒரு காரணம்.

1975இல் ஜான் லாண்டாவ் தயாரிப்பில் கைகோக்க, வேலை நியூயார்க்கின் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவுக்கு மாறியது. ‘ஜங்கிள்லேண்ட்’ பாட்டின் நடுவே வரும் சாக்ஸபோன் பகுதிக்காக அவருடைய இசைக்குழுவின் கிளாரன்ஸ் கிளெமன்ஸ் பதினாறு மணி நேரம் வாசித்தார். ஸ்பிரிங்ஸ்டீன் பக்கத்திலிருந்து ஸ்வரம் ஸ்வரமாகத் திருத்திக்கொண்டிருந்தார். இன்று கேட்டால், அந்தக் கணத்தில் தானாகப் பொங்கி வந்தது போலிருக்கிறது. இத்தனை உழைப்பின் தழும்பு வெளியே தெரியாததைத்தான் நான் இந்த ஆல்பத்தின் உச்சம் என்பேன். முடித்த பிறகும் அவருக்குத் திருப்தியில்லை. சோதனைத் தட்டைக் கேட்டுவிட்டு ஓட்டல் நீச்சல்குளத்தில் வீசியெறிந்தார்.

1975 ஆகஸ்ட் 25 அன்று, ‘பார்ன் டு ரன்’ என்ற அதே பெயரில் ஆல்பம் வெளியானது. எரிக் மெயோலா எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அட்டையில். முன்பக்கத்தில் ஸ்பிரிங்ஸ்டீன் யாருடைய தோளிலோ சாய்ந்து சிரிக்கிறார். மடிப்பைப் பிரித்தால்தான் அந்தத் தோள் கிளெமன்ஸுடையது என்று முழுதாகத் தெரியும். வெள்ளை இளைஞரும் கறுப்பின நண்பரும் இத்தனை இயல்பாகத் தோள் சாய்ந்து நிற்கும் ராக் அட்டைகள் அன்று அபூர்வம். உள்ளே இருக்கும் இசையும் அப்படி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து எழுந்ததுதான்.

பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம். அக்டோபர் 27 தேதியிட்ட ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ இரண்டின் அட்டையிலும் அவர் முகம். அந்த ஆரவாரம் அவரையே மிரட்டியது. நவம்பரில் லண்டன் போனவர், அங்கே தன்னை விளம்பரப்படுத்திய சுவரொட்டிகளைக் கிழித்துப்போட்டார். அடுத்து ஏப்பலோடு வழக்கு வந்தது. புதிய ஆல்பம் வெளிவர 1978 ஆகிவிட்டது.

‘பார்ன் டு ரன்’ ஆல்பமோ விற்றுக்கொண்டே இருந்தது, அமெரிக்காவில் மட்டும் 60 லட்சத்தைத் தாண்டி. 2003இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பேரேட்டில் அதைச் சேர்த்தது. கிளெமன்ஸ் 2011இல் காலமானார். மறு ஆண்டு அவருடைய சகோதரர் மகன் ஜேக் ஸ்பிரிங்ஸ்டீனின் இசைக்குழுவில் சேர்ந்தார். மேடையில் ‘ஜங்கிள்லேண்ட்’ ஒலிக்கும்போது அந்தப் பதினாறு மணி நேர ஸ்வரங்களை இப்போது வாசிப்பவர் அவர்தான். ரசிகர்களுக்கு ஒவ்வொரு ஸ்வரமும் மனப்பாடம். ஒன்றையும் விட்டுவிட முடியாது.