பத்து நிமிட மௌனம்

1980 டிசம்பர் 8, திங்கட்கிழமை இரவு. மயாமியில் நடந்துகொண்டிருந்த அமெரிக்கக் கால்பந்தாட்டம் முடியும் தறுவாயில் இருந்தது. அப்போது ஏபிசி தொலைக்காட்சியின் வர்ணனையாளர் ஹோவர்ட் கோசெல், ஜான் லெனன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்று அறிவித்தார். அமெரிக்காவில் பெருந்திரளானோர் அந்த மரணத்தை அறிந்தது இப்படித்தான். செய்தி அவ்வளவு விரைவில் அங்கே சென்றதும் தற்செயலே. அந்த நிறுவனத்தின் செய்தித் தயாரிப்பாளர் ஒருவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டு ரூஸ்வெல்ட் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் படுத்திருந்தார்; லெனனின் உடலும் அங்கேயே கொண்டுவரப்பட்டது. லெனனுக்கு வயது நாற்பது. சுட்டவன் அன்று மாலையில்தான் அவரிடம் இசைத்தட்டின் உறையில் கையொப்பம் வாங்கியிருந்தான். அவன் பெயரை நாம் இங்கே எழுதப் போவதில்லை.

நள்ளிரவுக்குள் லெனன் வாழ்ந்த டகோட்டா கட்டடத்தின் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மலர்களும் மெழுகுவர்த்திகளும் படங்களும் இரும்புக் கதவில் குவிந்தன. விடிய விடியப் பாடினார்கள். மறுநாளும் பாடினார்கள். மேலே, அதே கட்டடத்தில், கணவன் கண்ணெதிரே சுடப்பட்டதைப் பார்த்த யோகோ ஓனோ இருந்தார். ஐந்து வயது மகனும் இருந்தான். கீழிருந்து எழுந்த அந்தப் பாட்டு அவரை உறங்கவிடவில்லை. கலைந்து செல்லுங்கள், வரும் ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் பார்க்கில் கூடிப் பத்து நிமிடம் மௌனமாக இருங்கள் என்று அவர் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

தமிழ் படித்த நமக்கு இங்கே கையறுநிலைப் பாடல்கள் நினைவுக்கு வருவது இயல்பு. பாரியை இழந்த கபிலருக்கும் அதியமானை இழந்த ஔவைக்கும் தம் தலைவனோடு உண்டும் உடனிருந்தும் வளர்ந்த உறவு இருந்தது. டகோட்டா வாசலில் நின்றவர்களில் பெரும்பாலோர் லெனனோடு ஒரு சொல்கூடப் பேசியவர்கள் அல்லர். அவர்களுடையது இசைத்தட்டும் வானொலியும் தந்த உறவு. அதைப் பொய்யுறவு என்று ஒதுக்கவும் நமக்கு மனம் வரவில்லை. பதினைந்து வயதில் ஒரு குரலோடு வளர்ந்தவனுக்கு முப்பது வயதில் அந்தக் குரல் அறுந்துபோவது மெய்யான இழப்புதான். ஆயினும் அந்த இழப்பு, வீட்டுக்குள் இருந்த பெண்ணின் உறக்கத்தைவிடத் தன்னைப் பெரிதாக எண்ணிக்கொண்டது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இதே அமெரிக்காவில்தான் 1966இல், பீட்டில்ஸ் குழுவின் புகழை ஏசுவோடு ஒப்பிட்டு லெனன் சொன்ன ஒரு வார்த்தைக்காகத் தென்மாநிலங்களில் அவர்களுடைய இசைத்தட்டுகளைத் தீயிலிட்டார்கள். 1972இல் அரசு அவரை நாடு கடத்த முனைந்தது. 1968இல் லண்டனில் கஞ்சா வைத்திருந்ததாகப் பெற்ற தண்டனை அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. வியட்நாம் போருக்கு எதிரான அவரது குரலே மெய்யான காரணம் என்பது பிற்பாடு வெளிவந்த ஆவணங்களில் தெளிவாயிற்று. நிரந்தரமாகத் தங்கும் உரிமை 1976இல்தான் கிடைத்தது. நான்கே ஆண்டுகளில் அவர் அந்த நகரத்தின் சொந்தப் பிள்ளையாகிவிட்டார். பீட்டில்ஸைப் பிரித்தவள் என்று பத்தாண்டுகளாகத் தூற்றப்பட்ட யோகோவும் ஒரே இரவில் நாட்டின் விதவையானார். மரணம் வசைகளை இப்படித் துடைத்துவிடுவது நமக்கும் புதிதன்று.

துக்கம் மற்றவர்களைக் கண்காணிக்கவும் செய்தது. மறுநாள் லண்டனில் பால் மெக்கார்ட்னி வழக்கம்போல ஒலிப்பதிவுக் கூடத்திற்குச் சென்றார். வெளியே வரும்போது சூழ்ந்துகொண்ட செய்தியாளர்களிடம், சலிப்புத் தொனியில் ஒரு சிறு வாக்கியம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அச்சில் அது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. நண்பனை இழந்தவன் நமக்கெதிரே அழ வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு யார் உரிமை தந்தார்? வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பது செய்தியாளர்களுக்குத் தேவைப்படவில்லை. லெனனை எண்ணி அவர் எழுதிய ஒரு பாட்டு 1982இல் வெளிவந்தது. அந்த ஒற்றை வாக்கியம் அதற்குப் பிறகும் அவரை விடவில்லை.

உடல் 10ஆம் தேதியே தகனம் செய்யப்பட்டது. பொதுவான இறுதிச் சடங்கு எதுவும் நடக்கவில்லை. சடங்கின் இடத்தில் நின்றது டிசம்பர் 14இன் மௌனம்தான். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு சென்ட்ரல் பார்க்கில் ஒரு லட்சம் பேருக்குமேல் திரண்டிருந்தனர்; லிவர்பூலில் சுமார் முப்பதாயிரம் பேர். நியூயார்க்கின் வானொலி நிலையங்கள் பல ஒலிபரப்பை நிறுத்தின. இசையால் வாழும் வானொலி, ஓர் இசைக்கலைஞனுக்காக ஊமையானது. பூங்காவில் முழு மௌனம் கிடைக்கவில்லை; படம்பிடிக்க வந்த ஹெலிகாப்டர்களின் இரைச்சல் தலைக்குமேலே கேட்டுக்கொண்டிருந்தது. ரசிகர்கள் சிலர் தற்கொலை செய்துகொண்ட செய்தி வந்தபோது, வேண்டாம் என்று மன்றாட வேண்டிய பொறுப்பும் யோகோவின் தலையிலேயே விழுந்தது.

கடைகளும் சும்மா இருக்கவில்லை. நவம்பரில் வெளிவந்து மிதமான வரவேற்பே பெற்றிருந்த 'டபுள் ஃபேன்டஸி' உச்சத்திற்கு ஏறியது. பிரிட்டனில் 1971ஆம் ஆண்டுப் பாடலான 'இமேஜின்' 1981 ஜனவரியில் முதலிடம் பிடித்தது. துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய பேச்சும் எழுந்தது. பதவியேற்கக் காத்திருந்த ரொனால்ட் ரீகன் தம் எதிர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. 1981 மார்ச் 30 அன்று அவரே சுடப்பட்டுப் பிழைத்தார்.

டகோட்டாவுக்கு எதிரே, பூங்காவின் இரண்டரை ஏக்கர் நிலம் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' என்ற பெயரில் லெனனின் நினைவிடமாக 1985 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. அது அவருடைய பிறந்தநாள். ஆண்டுதோறும் டிசம்பர் 8 அன்று அங்கே கூடிப் பாடுகிறார்கள். யோகோ அதன்பின்னும் பல்லாண்டுகள், அந்த ஓசை எட்டும் தூரத்தில், அதே கட்டடத்தில்தான் வாழ்ந்தார்.