இரவல் எலியும் சொந்தப் பாத்திரமும்: கார்ட்டூன் அச்சோவியச் சேகரிப்பின் வரலாறு

கார்ட்டூன் எல்லோர் கைக்கும் மலிவாகப் போய்ச்சேரப் பிறந்த வடிவம். அதே உருவத்தை நல்ல தாளில் அச்சிட்டு, பென்சிலால் எண்ணும் கையொப்பமும் இட்டு, இத்தனை படிகளோடு சரி என்று நிறுத்திக்கொள்ளும் அச்சோவியங்கள் இன்று ஏலக்கூடங்களில் விலைபோகின்றன. இந்த வரலாறு பெரும்பாலும் விலையேற்றத்தின் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் இதை உள்ளிருந்து நகர்த்தியது வேறொரு கேள்வி: பாத்திரம் யாருக்குச் சொந்தம்? இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடர்கிறது.

தொடக்கத்தில் உரிமை முழுவதும் படநிறுவனத்திடமே இருந்தது. அசைவூட்டப் படங்களுக்காக ஒளிபுகும் செல்லுலாய்டுத் தாள்களில் வரைந்தவற்றைக் கழுவி மறுபடி பயன்படுத்துவது அன்றைய வழக்கம். 1938இல் சான் பிரான்சிஸ்கோவின் கூர்வாசியே காட்சியகம் டிஸ்னியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் தாள்களைச் சட்டமிட்டு விற்கத் தொடங்கியது. வேலை முடிந்த மிச்சம் கலைப்பொருளானது. வரைந்தவர் பெயரை யாரும் தேடவில்லை. டிஸ்னி என்ற பெயரே போதுமாக இருந்தது.

படிகளில் ஓவியர் பென்சிலால் கையொப்பமிடும் வழக்கம் தனி மரபு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஸ்லர் போன்ற ஓவியர்கள் அதை நிலைநிறுத்தினர். 1960இல் லாஸ் ஏஞ்சலிஸில் தமரிண்ட் கல்லச்சுப் பட்டறையும், 1966இல் அதே நகரில் ஜெமினி பட்டறையும் தோன்றியபின் அமெரிக்க ஓவியர்கள் அச்சுக்கலையைத் தீவிரமாக எடுத்துக்கொண்டனர். இதே காலத்தில்தான் கார்ட்டூன் ஓவியத்துக்குள் நுழைந்தது. ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைனின் ‘லுக் மிக்கி’ 1961இல் தீட்டப்பட்டது. அவ்வாண்டே ஆண்டி வார்ஹால் சூப்பர்மேனையும் பாப்பையையும் தீட்டி, நியூயார்க்கின் பான்விட் டெல்லர் கடைச் சன்னலில் வைத்தார். இவை ஒற்றை ஓவியங்கள், அச்சுப்படிகள் அல்ல.

கையொப்ப அச்சு மரபும் கார்ட்டூனும் முழுமையாக இணைந்த இடம் வார்ஹாலின் ‘மித்ஸ்’ தொகுப்பு. 1981இல் ரொனால்ட் ஃபெல்ட்மன் வெளியிட்ட அதில் 10 ஸ்கிரீன் பிரிண்ட்கள். ஒவ்வொன்றிலும் 200 படிகள். நம்மூரில் கல்யாணப் பத்திரிகை அடித்த அதே முறைதான். வார்ஹால் மையோடு மினுங்கும் தூளையும் சேர்த்துக்கொண்டார். மிக்கி மவுஸ், சூப்பர்மேன், அங்கிள் சாம் என்று நீளும் வரிசையில் ‘தி ஷேடோ’ என்ற வானொலிப் பாத்திரமும் உண்டு. அதற்கு முகம் கொடுத்தவர் வார்ஹாலே. ஓவியர் பாத்திரமாக மாறும் முதற்படி இது.

அடுத்த படியை அவருடைய இளம் நண்பர் கீத் ஹேரிங் எடுத்துவைத்தார். 1986இல் வந்த ‘ஆண்டி மவுஸ்’ நான்கு ஸ்கிரீன் பிரிண்ட்கள் கொண்ட தொகுப்பு. 30 படிகள் மட்டுமே. மிக்கியின் காதுகளுக்குக் கீழே வார்ஹாலின் கண்ணாடி, சுற்றிலும் டாலர். வரைந்தவர், வரையப்பட்டவர் இருவரும் ஒரே தாளில் கையொப்பமிட்டனர். வார்ஹால் 1987 பிப்ரவரியிலும் ஹேரிங் 1990 பிப்ரவரியிலும் மறைந்துவிட, அந்த இரட்டைக் கையொப்பம் பெரும் மதிப்புப் பெற்றது. வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் வாங்கக்கூடிய விலையில் சட்டையும் பொத்தானும் விற்க ஹேரிங் ‘பாப் ஷாப்’ திறந்ததும் அதே 1986இல்தான். இந்த வரலாற்றின் திருப்புமுனை விலையுயர்ந்த பிற்கால ஏலங்களில் இல்லை, இந்த 30 படிகளில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. இங்கே எலி டிஸ்னியுடையதாகவும் இல்லை, முழுக்க ஹேரிங்குடையதாகவும் இல்லை.

இந்த இடைநிலை சட்டத்தின் முன் எல்லா நேரத்திலும் தாக்குப்பிடிக்கவில்லை. ‘கார்ஃபீல்டு’ தொடரின் ஓடி நாயைச் சிற்பத்தில் பயன்படுத்திய ஜெஃப் கூன்ஸ், 1993இல் நியூயார்க் நீதிமன்றத்தில் தோற்றார். அதே ஆண்டில் டோக்கியோவில் தகாஷி முரகாமி ‘டாப்’ என்ற தம் சொந்தப் பாத்திரத்தை உருவாக்கினார். தற்செயல்தான். ஆனாலும் திசை தெளிவாகிறது. மிக்கியின் சாயலும் டோரேமானின் சாயலும் கொண்ட டாப்புக்காக எவருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. முரகாமியின் கையொப்பமிட்ட ஆஃப்செட் அச்சுகள் பல 300 படிகளாக வந்தன. நடுத்தர வருவாய்ச் சேகரிப்பாளர் உள்ளே வந்த வழி அது. அசைவூட்ட நிறுவனத்தில் பணியாற்றிய ஓவியர் காஸ் (KAWS), 1999இல் ‘கம்பானியன்’ பாத்திரத்தை டோக்கியோவில் பொம்மையாக வெளியிட்டார்; அச்சோவியங்களும் அப்பாத்திரத்தைத் தொடர்ந்தன. 2019இல் ஹாங்காங்கில் அவருடைய சிம்ப்சன்ஸ் சார்ந்த ஓவியம் ஒன்று 11 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் போனதும் அச்சுகளின் மீதும் கண் திரும்பியது.

விலை ஏறினால் போலியும் ஏறும். அச்சோவிய விற்பனையில் படிகளின் எண்ணிக்கை போன்ற விவரங்களை வெளியிட வேண்டும் என்று கலிஃபோர்னியா 1970களின் தொடக்கத்திலேயே சட்டம் கொண்டுவந்தது. வழக்குச் செலவுகளுக்கிடையே வார்ஹால், ஹேரிங் அறக்கட்டளைகள் 2012 வாக்கில் சான்றளிப்பதையே நிறுத்திவிட்டன. இனி ஆதாரம் என்பது பழைய ரசீதும் படைப்புப் பட்டியலும்தான்.

2024 ஜனவரி 1 அன்று ‘ஸ்டீம்போட் வில்லி’யின் 1928ஆம் ஆண்டு மிக்கி அமெரிக்காவில் பதிப்புரிமை நீங்கிப் பொதுவானது; பிந்தைய வடிவங்கள் அப்போது டிஸ்னியிடமே இருந்தன, வணிகக் குறியீடு இன்னும் அதனிடமே உள்ளது. அந்தப் பழைய எலியை இனி யாரும் 30 படிகள் அச்சிட்டு எண்ணிடலாம். ஆகவே வாங்குபவர்கள் ஓரத்து எண்ணைப் பார்க்குமுன், அச்சிட்ட பட்டறை எது, வெளியிட்டவர் யார், தாளின் ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா, நிறம் வெளிறியிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.