குடலும் கூடி வாழ்தலும்

இரவில் உறை ஊற்றிய பால் காலையில் தயிராகிறது. அந்த வேலையைச் செய்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். அவற்றைப் போன்ற கோடானுகோடி உயிர்கள் நம் குடலிலும் குடியிருக்கின்றன. உண்டதைச் செரிக்க உதவும் அவை, நாம் பிறரோடு பழகும் விதத்தையும் மாற்றுமா? இக்கேள்வி வளர்ந்த கதையை இன்று காண்போம்.

பாரிஸ் நகரில் பணிபுரிந்த மெச்னிகாஃப் என்ற அறிஞர், புளித்த பாலில் உள்ள நுண்ணுயிர்கள் முதுமையைத் தள்ளிப்போடும் என்று 1907ஆம் ஆண்டு வாக்கில் எழுதினார். குடலுக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பு நன்கு சோதிக்கப்பட மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

தோட்டங்களிலிருந்து நம் பிள்ளைகள் பாலம் கடந்து வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் கிளமெண்டி என்றொரு வட்டாரம் உண்டு. அங்கிருந்து ரயிலில் கிழக்கே சென்றால் இரண்டாவது நிலையம் போனவிஸ்தா. அதற்கு அருகில்தான் சிங்கப்பூர் மரபணுத்தொகுதிக் கழகம் இருக்கிறது. இக்கழகத்தினரும் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகத்தினரும் சேர்ந்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகள் அச்சம் குறைந்து, மிகுதியாக ஓடியாடின. குட்டிப் பருவத்திலேயே நுண்ணுயிர்களைப் பெற்றவையோ மற்ற எலிகளைப் போலவே நடந்துகொண்டன. 2014இல் அயர்லாந்து அறிஞர்கள், இத்தகைய எலிகளிடம் பிற எலிகளை நாடும் விருப்பமும் குறைந்திருப்பதைக் கண்டனர்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் குடல்தான் காரணமா? அவசரப்படக் கூடாது. கென்யா நாட்டுக் குரங்குகளைப் பற்றிய ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. லயத்து வாசலில் நம் பெண்கள் பேன் பார்ப்பதைப் போல, ஒன்றுக்கொன்று உடலைச் சுத்தம் செய்யும் குரங்குகளின் குடலில் ஒத்த நுண்ணுயிர்கள் இருந்தன. அதாவது பழக்கமும் குடலை மாற்றுகிறது.

மனிதரிடத்திலும் இதை மறக்கலாகாது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களுமாக 247 பிள்ளைகளை ஆஸ்திரேலிய அறிஞர்கள் ஆராய்ந்து 2021இல் முடிவை வெளியிட்டனர். குடல் உயிர்கள் ஆட்டிசத்தை உண்டாக்கியதாகத் தெரியவில்லை. அப்பிள்ளைகள் சில உணவுகளை மட்டுமே விரும்பி உண்டதால்தான் குடல் உயிர்கள் வேறுபட்டன என்பதற்கே சான்று கிடைத்தது.

ஆகவே, பேசாமல் ஒதுங்கும் பிள்ளையைக் கண்டு, "தாய் கொடுத்த சாப்பாடுதான் காரணம்" என்று பழி சொல்ல வேண்டாம். குடலைச் சுத்தம் செய்தால் குணமாகும் என்று விற்கப்படும் பொடிக்குக் கூலிப் பணத்தைக் கொடுக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் காட்டுவோம். மோரும் சோறும் எல்லோரோடும் அமர்ந்து உண்ணட்டும். அது பிள்ளைக்கு உணவு, துணையும்கூட.