வயது மோசடி (இளையோர் கால்பந்து)

வயது வரம்பு உள்ள போட்டியில் இடம்பெறுவதற்காக ஆட்டக்காரர் தம் வயதைக் குறைத்துக் காட்டுவது வயது மோசடி எனப்படும். தமிழ்நாட்டு மைதானங்களில் இதற்கு வழங்கும் பெயர் 'ஓவர் ஏஜ்'. நைஜீரியாவில் ஏட்டில் உள்ள வயதைக் 'கால்பந்து வயது' என்று கேலியாகக் குறிப்பிடுவார்கள். 17 வயதுக்குட்பட்டோர் அணியில் 19 வயதுக்காரர் ஆடினால் உயரத்திலும் எடையிலும் ஓட்டத்திலும் இரண்டு வருட வளர்ச்சி அவருக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. அந்த வயதில் இரண்டு வருடம் பெரிய இடைவெளி. அவர் பிடித்த இடம் உண்மையான 16 வயதுப் பையன் ஒருவனுக்குப் போயிருக்க வேண்டியது.

பிறந்த தேதியே சரியாகத் தெரியாமல் ஏதோ ஒரு தேதியைப் பதிந்துகொள்வதும், தெரிந்தே மாற்றிப் பதிவதும் வெவ்வேறு. பேச்சுவழக்கில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இந்தப் பொருளைப் பற்றிய குழப்பங்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

ரசிகர்களின் வழக்கு

புனேயின் மகர்பட்டாவிலோ சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலோ நள்ளிரவு ஆட்டத்தைக் கூடி உட்கார்ந்து பார்க்கும் ரசிகர்களிடம் ஆப்பிரிக்க இளையோர் அணி என்று சொன்னால் போதும், வயதுப் பேச்சு வந்துவிடும். அவர்கள் வைக்கும் வாதம் எளிமையானது. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நைஜீரியா ஐந்து முறையும் (1985, 1993, 2007, 2013, 2015) கானா இரண்டு முறையும் (1991, 1995) வென்றிருக்கின்றன. பெரியவர்களின் உலகக் கோப்பையை எந்த ஆப்பிரிக்க நாடும் வென்றதில்லை. 2022-இல் மொராக்கோ அரையிறுதிக்குப் போனதே அந்தக் கண்டத்துக்கு முதல் முறை. அப்படியானால் சிறுவர் அணியில் ஆடியவர்கள் சிறுவர்களே அல்லர் என்பது அவர்கள் தீர்ப்பு.

இந்தத் தருக்கத்தில் ஓட்டை இருக்கிறது. மூன்று முறை உலகக் கோப்பை வென்ற அர்ஜென்டினா 17 வயதுக்குட்பட்டோர் பட்டத்தை ஒரு முறைகூட வென்றதில்லை. ஜெர்மனிக்கு அது முதன்முதலில் கிடைத்தது 2023-இல். மறுபக்கம், 2005-லும் 2011-லும் இளையோர் பட்டம் வென்ற மெக்சிகோவும், 2009-இல் வென்ற சுவிட்சர்லாந்தும் பெரியவர் கோப்பையைத் தொட்டதில்லை. 1989-இல் ஸ்காட்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே பெனால்டியில் வீழ்த்தி வென்றது சவூதி அரேபியா. அதற்காக மெக்சிகோவையோ சுவிட்சர்லாந்தையோ யாரும் சந்தேகிப்பதில்லை. இளையோர் பட்டத்துக்கும் பெரியவர் பட்டத்துக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு எந்தக் கண்டத்திலும் கிடையாது. பயிற்சிக் கூடம், உள்நாட்டு லீக், நிர்வாகம், பணம் என்று இடையில் நிற்பவை பல.

ஆனால் சந்தேகம் காற்றில் பிறந்ததும் அன்று.

தடைகளும் ஒப்புதல்களும்

1988 ஒலிம்பிக்கில் ஆடிய நைஜீரிய ஆட்டக்காரர் மூவரின் பிறந்த தேதி, அவர்கள் முந்தைய போட்டிகளில் கொடுத்த தேதியோடு பொருந்தவில்லை. 1989-இல் உலகக் கால்பந்து அமைப்பான பிஃபா அந்நாட்டை இளையோர் போட்டிகளிலிருந்து இரண்டு ஆண்டுகள் விலக்கியது. 1991-இல் நைஜீரியாவில் நடக்கவிருந்த உலக இளையோர் போட்டியும் கைநழுவிப் போர்ச்சுகலுக்குப் போனது. 2009-இல் குற்றச்சாட்டு உள்ளிருந்தே வந்தது. நைஜீரியாவின் முன்னாள் தேசிய ஆட்டக்காரர் அடோக்கியே அமியெசிமாகா, அந்த ஆண்டின் 17 வயதுக்குட்பட்டோர் அணித் தலைவர் உண்மையில் அந்த வயதைக் கடந்து பல ஆண்டுகள் ஆனவர் என்று வெளிப்படையாக எழுதினார்.

2016-இல் நைஜீரியாவின் 17 வயதுக்குட்பட்டோர் முகாமில் 26 பேர் வயதைக் கணிக்கும் மணிக்கட்டுச் சோதனையில் தவறினர். பிறகு அவசரமாகத் திரட்டிய அணி நைஜரிடம் தோற்றது. 2017-இல் இந்தியாவுக்கு உலகக் கோப்பை ஆட வந்தது நைஜர். அதற்கு முந்தைய இரண்டு முறையும் பட்டம் வென்றிருந்த நைஜீரியா வீட்டிலேயே இருந்தது. 2019-இல் ஆப்பிரிக்க இளையோர் கோப்பையின் இறுதிவரை வந்த கினியா, வயது விவகாரத்தில் தகுதி நீக்கப்பட்டு, அதன் இடம் செனகலுக்குப் போனது. கேமரூன் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரான சாமுவேல் எட்டோ, 2022-ஆம் ஆண்டின் முடிவில் சொந்த நாட்டு 17 வயதுக்குட்பட்டோர் அணியையே சோதிக்கச் சொன்னார். 30 பேரில் 21 பேர் தவறினர். ஒரு கூட்டமைப்பு தன்னைத் தானே பிடித்துக்கொடுப்பது அரிது. எட்டோ அதைச் செய்தார்.

இந்த மோசடி ஒரு கண்டத்தின் தனிச் சொத்தும் அல்ல. இத்தாலியின் கியேவோ அணியில் 'எரிபெர்ட்டோ' என்ற பெயரில் ஆடிய பிரேசில்காரர், தம் பெயர் லூசியானோ என்றும் தமக்கு நான்கு வயது கூடுதல் என்றும் 2002-இல் தாமே ஒப்புக்கொண்டார். 2001-இல் அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் போட்டியைக் கலக்கிய டொமினிக்கன் பையன் டேனி அல்மோண்டேக்கு வயது 12 அல்ல, 14. எங்கே வறுமையும் வெளிநாட்டு ஒப்பந்தக் கனவும் தளர்ந்த பதிவேடும் சேர்ந்திருக்கின்றனவோ அங்கே இது முளைக்கும். ஆட்டக்காரர் மட்டுமே குற்றவாளி என்றும் எப்போதும் சொல்ல முடியாது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அணிக்கு ஆடிய காங்கோ ஆட்டக்காரர் சிலாஸ், வேறு பெயரிலும் ஒரு வயது குறைவாகவும் ஆடியதை 2021-இல் தாமே முன்வந்து சொன்னார். முகவரின் பிடியில் இருந்ததால் அப்படிச் செய்ய நேர்ந்தது என்றார். அவருக்கு மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டது.

சந்தேகம் தவறான ஆளின் மேல் விழுந்த கதைகளும் உண்டு. 2014-இல் லாசியோ அணியின் 17 வயதுக் கேமரூன் பையன் ஜோசப் மினாலாவுக்கு 40-ஐத் தாண்டிவிட்டது என்று உலகம் முழுவதும் சிரித்தார்கள். ஆதாரமாக இருந்தது அவர் முகம் மட்டுமே. இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்பு விசாரித்து அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. விடுவிப்புச் செய்தியை எத்தனை பேர் படித்தார்கள் என்பது வேறு விஷயம்.

மணிக்கட்டுச் சோதனை

தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு முன்வரை பள்ளியில் சேர்க்க வயதுச் சான்று கேட்கமாட்டார்கள். வலக்கையைத் தலைக்கு மேல் சுற்றி இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தொடாவிட்டால் அடுத்த வருடம். தலைமையாசிரியர் தமக்குத் தோன்றிய ஒரு தேதியை எழுதிக்கொள்வார், பெரும்பாலும் மே, ஜூன் மாதத்தில். ஊர் முழுக்க ஒரே மாதத்தில் பிறந்தநாள் வருவதன் காரணம் அதுதான். பிஃபாவின் மணிக்கட்டுச் சோதனையின் அடிப்படையும் இதே எண்ணந்தான்: ஏட்டை நம்ப முடியாதபோது உடம்பைக் கேள்.

முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டில் முடியும் இடத்தில் வளர்தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. வளர்ச்சி முடியும் தறுவாயில் அது எலும்போடு இணைந்து மறைந்துவிடும். பிஃபாவின் தலைமை மருத்துவராக இருந்த யிரி துவோராக்கும் அவர் குழுவும் பல நாட்டு இளம் ஆட்டக்காரர்களை எம்.ஆர்.ஐ. எடுத்து, இந்த இணைவை ஆறு படிகளாகப் பிரித்தார்கள். ஆறாம் படி முழு இணைவு. 17 வயதுக்குட்பட்ட பையன்களில் அது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே காணப்படும் என்று 2007-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு இல்லாததால் நலமான சிறுவர்களிடம் இதைச் செய்வதில் தடை இல்லை. 2009-இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தச் சோதனை அறிமுகமானது.

ரசிகர்கள் கவனிக்கத் தவறும் செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. சோதனை வந்த பிறகும் ஆப்பிரிக்க அணிகள் வென்றுகொண்டே இருந்தன. 2009-இல் நைஜீரியா இறுதிவரை வந்தது. 2013, 2015 பட்டங்கள் இரண்டும் அதற்கே. 2015-இல் இறுதி ஆட்டமே நைஜீரியாவுக்கும் மாலிக்கும் இடையில் நடந்தது. அந்தப் போட்டியில் 10 கோல் அடித்த விக்டர் ஒசிம்ஹென் காணாமல் போகவில்லை. 2023-இல் நாப்போலி இத்தாலிய லீக்கை வென்றபோது லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர் அவர்தான்.

சோதனைக்குக் குறைகளும் உள்ளன. முழு இணைவு இருந்தால் 'வயது கடந்தவர்' என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இணைவு இல்லை என்பதற்காக 'வயதுக்கு உட்பட்டவர்' என்று சொல்லிவிட முடியாது. 18, 19 வயதிலும் வளர்தட்டு முழுதும் இணையாதவர்கள் ஏராளம். அவர்கள் சோதனையில் தேறிவிடுவார்கள். ஆகவே இந்த வலையில் சிக்குபவர் பெரும்பாலும் குற்றவாளி. சிக்காதவர் எல்லாம் நிரபராதி என்று கொள்ள இடமில்லை.

இந்தியாவில்

2017 அக்டோபரில் இந்தியா 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை ஆறு நகரங்களில் நடத்தியது. அக்டோபர் 12 அன்று தில்லியில் கானாவிடம் இந்தியா 0-4 என்று தோற்றது. எதிரணியின் தோளையும் தொடையையும் பார்த்து இந்திய ரசிகர்கள் பேசிக்கொண்டது ஊகிக்கக் கூடியதே. நவி மும்பை டி.ஒய். பாட்டில் மைதானத்தில் அக்டோபர் 25 அன்று மாலி, ஸ்பெயினிடம் 1-3 என்று அரையிறுதியில் தோற்றது. மாலியின் ஷேக் டூக்கூரே அடித்த பந்து கம்பியில் பட்டுக் கோட்டைத் தாண்டி விழுந்தும் கோல் தரப்படவில்லை. டூக்கூரே பின்னாளில் இங்கிலாந்தின் கிரிஸ்டல் பேலஸ் அணிக்குப் போனார்.

எதிரணியின் வயதைக் கேட்பவர்கள் சொந்த வீட்டையும் பார்க்க வேண்டும். 2017 அணியில் ஆட 2000 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். 2005-06-இல் எடுக்கப்பட்ட மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அப்போது ஐந்து வயதுக்குட்பட்டிருந்த இந்தியக் குழந்தைகளில் பிறப்புப் பதிவானவர்கள் 41 விழுக்காடு மட்டுமே. அதாவது நம் பையன்களின் தலைமுறையிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பிறந்தபோது ஏடு கிடையாது. ஆப்பிரிக்கப் பதிவேடுகளைப் பற்றி நாம் சொல்லும் குறை நமக்கும் அப்படியே பொருந்துகிறது. ஐந்தாவது ஆய்வில் (2019-21) இது 89 விழுக்காடாக உயர்ந்தது.

இங்கே தூண்டுதல் ஐரோப்பிய ஒப்பந்தம் அல்ல. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை, மாநில அணிச் சான்றிதழ் ஆகியவையே. பள்ளிகளுக்கு இடையிலான சுப்ரதோ கோப்பையில் உடற்சோதனைக்குப் பிறகு அணிகள் திருப்பி அனுப்பப்பட்டதுண்டு. 2018 அக்டோபரில் பெங்களூருவுக்கு எதிராக ஜாம்ஷெட்பூர் அணியின் கௌரவ் முகி கோல் அடித்தபோது, இந்தியன் சூப்பர் லீக்கில் மிக இளம் வயதில் கோல் அடித்த 16 வயதுப் பையன் என்று கொண்டாடினார்கள். 2015-இல் வயது மோசடிக்காகப் பட்டத்தை இழந்த ஜார்க்கண்ட் சிறுவர் அணியில் அவர் இருந்தது பிறகு நினைவுக்கு வந்தது. அடுத்த மாதமே அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரை ஆறு மாதம் இடைநீக்கம் செய்தது.

கிரிக்கெட்டில் இது இன்னும் பழைய நோய். இந்தியக் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்டோருக்கு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் டி.டபிள்யூ.3 முறையைப் பின்பற்றுகிறது. 2015-இல் தில்லியில் பட்டௌடி நினைவுச் சொற்பொழிவு ஆற்றிய ராகுல் திராவிட், வயது மோசடியைச் சூதாட்டத்துக்கும் ஊழலுக்கும் சமமாக வைத்துப் பேசினார். 2020-இல் வாரியம், உண்மையை ஒப்புக்கொள்பவரைத் தண்டிக்காமல் விடும் திட்டம் ஒன்றை அறிவித்தது. மறைத்துப் பிடிபட்டால் இரண்டு ஆண்டுத் தடை. எல்லா விளையாட்டுக்கும் பொதுவாக, வயது மோசடிக்கு எதிரான நடுவண் அரசின் நெறிமுறை 2010 முதல் இருந்துவருகிறது.

இந்திய ஏடுகளின் நிலையைக் காட்ட விளையாட்டுக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டு போதும். தரைப்படையின் அப்போதைய தலைமைத் தளபதி வி.கே. சிங் பிறந்தது 1950-இலா 1951-இலா என்ற வழக்கு 2012-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. புனேயை அடுத்த கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர நிரப்பிய விண்ணப்பத்தில் ஓர் ஆண்டும் பள்ளிச் சான்றில் வேறோர் ஆண்டும் இருந்ததே சிக்கல். படைத்தலைவருக்கே இப்படியென்றால் குக்கிராமத்துக் கால்பந்துப் பையனின் சான்றிதழைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

17-ஐத் தாண்டிய கால்பந்துப் பிரிவுகளில் பிஃபாவின் மணிக்கட்டுச் சோதனையால் பயனில்லை. 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை 2009-இல் கானாவும், 2025-இல் அர்ஜென்டினாவை 2-0 என்று வீழ்த்தி மொராக்கோவும் வென்றன. அந்தப் போட்டியில் எந்த நாட்டு ஆட்டக்காரருக்கும் கடவுச்சீட்டில் இருப்பதே வயது.