ஈட்டிக் கட்டிலும் ஒரு கிட்டாரும்

முடிச்சூர் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகை பல வருடங்களாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அப்பாவின் கட்டில் அதில் ஊறிக் கிடந்து, வடிந்த பிறகு பார்த்தால் கால்கள் பொருத்து விட்டுப்போய், சட்டங்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. தலைமாட்டுப் பலகைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஈரத் துணியால் சேற்றைத் துடைத்ததும் பழைய கருஞ்சிவப்பு திரும்பி வந்தது. ஈட்டி மரம் அப்படித்தான்.

அந்தக் கட்டிலை அப்பா வாங்கியது புதுச்சேரியில், 1954-க்குப் பிறகு. ஊரை விட்டுக் கிளம்பிய ஒரு பிரெஞ்சு அதிகாரியின் வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது எடுத்தது. நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மரத்துக்குப் 'பலிஸாந்த்ர்' என்று பெயர் என்பதைப் பள்ளிக்கூடத்தில்தான் கற்றேன். ஆங்கிலத்தில் ரோஸ்வுட் என்கிறார்களே என்று 'புவா த ரோஸ்' என்று எழுதிவிடக் கூடாது. பிரெஞ்சில் அது வேறொரு மரம். தமிழில் ஈட்டி, தோதகத்தி என்று இரண்டு பெயர் இருக்கின்றன.

சேலையூரில் இருக்கும் என் தம்பி மகனுக்குப் பகலில் கம்ப்யூட்டர் வேலை, ராத்திரியில் மொட்டை மாடியில் மரவேலை. போன வருடம் வந்தவன் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான்.

"பெரியப்பா, இதைக் குடுத்தீங்கன்னா ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் பண்ணிடுவேன்."

நான் பதில் சொல்லவில்லை. அம்மா கடைசி இரண்டு மாதம் படுத்திருந்த கட்டில் அது. முடியாது என்று சொல்ல நல்ல காரணம் ஒன்று கிடைக்காதா என்றுதான் இந்த மரத்தின் கதையைப் படிக்க உட்கார்ந்தேன்.

மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில், நீலகிரி, வயநாடு, ஆனைமலைப் பக்கம் வளரும் மரம் இது. வெள்ளைக்காரர் காலத்திலேயே கப்பலேறிப் போனது. ஆனால் கிட்டார் செய்கிறவர்களுக்கு அப்போது இது இரண்டாம்பட்சம். அவர்கள் கண் பிரேசில் ரோஸ்வுட் மேல். 1960-களின் கடைசியில் பிரேசில் தன் மரத்தை முழுக்கட்டையாக வெளியே விட மறுத்ததும் கதை மாறியது. 1833-ல் தொடங்கிய அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-லிருந்து இந்திய ஈட்டிக்கு மாறியது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். இன்றும் கிட்டார் விளம்பரங்களில் 'ஈஸ்ட் இண்டியன் ரோஸ்வுட்' என்று பெருமையாகப் போடுவார்கள். அவர்களுக்கு அது அயல்நாட்டு அபூர்வ மரம். நமக்குக் கட்டிலும் பீரோவும்.

பெண்டர் கம்பெனி முழுக்க ரோஸ்வுட்டிலேயே ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் செய்து பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனுக்கு அனுப்பியதும் அந்தச் சமயம்தான். ரவிசங்கரிடம் சிதார் கற்றாரே, அதே ஹாரிசன். ரோஜர் ரோஸ்மைஸல் என்ற ஜெர்மன்காரரும் பிலிப் குபிக்கி என்ற இளைஞரும் செய்தது. 1969 ஜனவரி 30 அன்று லண்டனில் ஒரு மொட்டை மாடியில் பீட்டில்ஸ் கடைசியாகப் பொதுவில் வாசித்தபோது ஹாரிசன் கையில் இருந்தது அதுதான். பார்க்க அழகு, தோளில் மாட்டினால் பாரம். ஈட்டி அவ்வளவு கனமான மரம். ஒரு கன மீட்டர் சுமார் 850 கிலோ. அந்த மாடலைக் கடைகளில் விற்க ஆரம்பித்த பிறகு, உடம்பை இரண்டு பாதியாகச் செய்து உள்ளே குடைந்து ஒட்டினார்கள்.

குடைவது நமக்குப் புதிதா என்ன? தஞ்சாவூர் வீணையில் பலா மரத்தைக் குடைந்து குடம் எடுத்து, மேலே பலகை மூடுகிறார்கள். ஒரே கட்டையில் செய்தால் ஏகாண்ட வீணை. வித்தியாசம் என்னவென்றால், வீணைக்கு அந்த வெற்றிடம்தான் குரல். எலெக்ட்ரிக் கிட்டாரில் இரும்புத் தந்தியின் அசைவைக் கீழே இருக்கும் காந்தச் சுருள் வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. குடைவது பெரும்பாலும் எடைக்காக. அளவு மீறிக் குடைந்தால் ஒலிபெருக்கிச் சத்தத்தில் உடம்பே அதிர்ந்து ஊளையிடும். அதனால் நடுவில் ஒரு கட்டையை அப்படியே விட்டு, இரண்டு பக்கமும் மட்டும் குடைகிறார்கள். இதெல்லாம் அவன் எனக்கு ஒரு பழைய காலண்டர் பின்புறத்தில் படம் போட்டு விளக்கியது.

அடுத்து சட்டம். குமாஸ்தாவுக்கு அங்கேதான் சுவாரசியம். ஈட்டி மரத்துக்கென்றே தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டம் வந்தது. உங்கள் பட்டா நிலத்தில் நின்ற மரமானாலும் அனுமதி இல்லாமல் கோடரி வைக்கக் கூடாது என்றது அது. 2017 ஜனவரியிலிருந்து உலக வாணிப ஒப்பந்தத்திலும் இந்த மர இனம் முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கிட்டார் செய்து வெளிநாட்டுக்கு விற்றவர்களெல்லாம் காகிதத்துக்கு அலைந்தார்கள். 2019 கடைசியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்.

மறுக்கக் காரணம் தேடிப் போனவனுக்குக் கொடுக்கத்தான் காரணம் கிடைத்தது. புதிதாக ஒரு மரம் விழ வேண்டாம். இது என்றோ விழுந்த மரம். என் மனைவியிடம் சொன்னேன். "மாடிப்படிக்குக் கீழே சாத்தி வைக்கிறதுக்குப் பேர் மரியாதையா?" என்றாள்.

மரம் அறுக்கும் மில்லில் பலகையை நீளவாக்கில் மெல்லிய தகடுகளாகப் பிளந்தார்கள். நான் கூடவே போனேன். ரம்பம் உள்ளே இறங்கியதும் ஒரு இனிப்பு வாசனை. கட்டிலில் இத்தனை வருடம் படுத்தும் நான் அறியாத வாசனை.

அடிப்பாகத்துக்குப் பலா, பண்ருட்டியிலிருந்து வந்த கட்டை. அதை இருபுறமும் குடைந்து, மேலே ஈட்டித் தகட்டை ஒட்டினான். முதல் தடவை ஒரு மூலை எழும்பிவிட்டது. ஈட்டியில் எண்ணெய்ப் பசை உண்டு, கோந்து பிடிக்காது. பிரித்து, அசிட்டோனால் துடைத்து, உடனே மறுபடி ஒட்டி இறுக்கினான். அந்த ஒரு மாதம் பக்கத்து வீட்டுக்காரர் மெஷின் சத்தத்துக்கு என்னிடம் போன் செய்து முறையிட்டதையும் சொல்லிவிட வேண்டும். நியாயமான புகார்தான்.

பலகையில் ஒரு ஓட்டை இருந்தது. கொசுவலைக் கம்பி மாட்ட அப்பா போட்டது, கொஞ்சம் கோணல். அடைத்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் தகட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்து, சத்தம் கூட்டிக் குறைக்கும் குமிழ் சரியாக அந்த ஓட்டையில் வரும்படி செய்துவிட்டான்.

இன்னும் ஒரு தகடு மிச்சம் இருக்கிறது. புதுச்சேரியில் இருக்கும் தங்கை பூஜை அலமாரிக்குக் கதவாகக் கேட்டிருக்கிறாள். பொங்கலுக்குப் போகும்போது எடுத்துப் போக வேண்டும்.