நிதி முன்மொழிவை நாமே எழுதுவோம்: தலித் அமைப்புகளின் பணியாளர்களுக்குப் பயிற்சியும் வழிகாட்டுதலும்

வன்கொடுமை நடந்த ஊருக்கு முதலில் சென்று சேர்பவர் களப்பணியாளர். பாதிக்கப்பட்டவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்பவர், முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு விடுபட்டது என்று கேட்பவர், பிறழ் சாட்சியாக மாறும்படி நெருக்கப்படும் குடும்பத்தோடு இரவு தங்குபவர் அவரே. ஆனால் அந்தப் பணிக்கு நிதி கேட்டு எழுதப்படும் முன்மொழிவில் அவர் எழுதிய வரி ஒன்றுகூட இருப்பதில்லை. நகரத்தில் இருக்கும் ஆலோசகர் ஒருவர் அதனை ஆங்கிலத்தில் எழுதுகிறார். அப்போது 'சாதி' என்பது 'பின்தங்கிய நிலை' ஆகிறது. 'நிலம் மறுக்கப்பட்டது' என்பது 'நிலமின்மை' ஆகிறது. கொடுமையைச் செய்தவர் மறைந்துபோக, அனுபவித்தவரின் ஏழ்மை மட்டுமே தாளில் எஞ்சுகிறது.

இது வெறும் நடை பற்றிய குறையன்று. முன்மொழிவில் இடம்பெறாத பணிக்கு வரவு செலவுத் திட்டத்தில் பணம் இராது. சாட்சிகளின் பயணச் செலவு, மருத்துவச் சான்று பெறும் அலைச்சல், ஆண்டுக்கணக்கில் நீளும் வாய்தாக்கள் ஆகியவை எழுதப்படாததால் அவை களப்பணியாளரின் சொந்தச் சட்டைப்பையிலிருந்து செலவாகின்றன. எனவே முன்மொழிவு எழுதும் திறனைக் களத்தில் நிற்போரிடம் கொண்டு சேர்ப்பதை உரிமைப் பணியின் ஒரு பகுதியாகவே நாங்கள் கருதுகிறோம்.

சட்டச் சூழல்

வெளிநாட்டு நன்கொடை (ஒழுங்குமுறை)ச் சட்டம், 2010 இல் 2020 ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் சிறிய அமைப்புகளை நேரடியாகப் பாதித்தது. முன்பு பெரிய அமைப்பொன்று வெளிநாட்டு நிதியைப் பெற்று, பதிவுபெற்ற சிறிய அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்க முடிந்தது. திருத்தப்பட்ட பிரிவு 7 அதனை முற்றாகத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பதிவு பெற, அமைப்பு மூன்றாண்டுகள் செயல்பட்டிருப்பதோடு, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் குறைந்தது 15 இலட்சம் ரூபாய் செலவிட்டிருக்கவும் வேண்டும்.

இந்த வரம்பை எட்டாத அமைப்புக்கு எஞ்சும் வழி முன்அனுமதி. குறிப்பிட்ட நன்கொடையாளரிடமிருந்து, குறிப்பிட்ட தொகையை, குறிப்பிட்ட நோக்கத்துக்காக மட்டும் பெறும் அனுமதி அது. நிதி எந்த நோக்கத்துக்காகப் பெறப்பட்டதோ அதற்கே செலவிடப்பட வேண்டும் என்பதும் சட்டம். ஆகவே முன்மொழிவில் நோக்கத்தைத் தெளிவின்றி எழுதுவது பின்னாளில் சட்டச் சிக்கலாகவே வந்து நிற்கும்.

உள்நாட்டில், நிறுவனங்கள் சட்டம், 2013 இன் பிரிவு 135, வரம்புக்கு உட்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிடப் பணிக்கிறது. அச்சட்டத்தின் அட்டவணை 7, சமூக, பொருளாதார அளவில் பின்தங்கிய பிரிவினர் எதிர்கொள்ளும் ஏற்றத்தாழ்வுகளைக் குறைக்கும் நடவடிக்கைகளையும் பட்டியலிடுகிறது. இந்த வரியைச் சுட்டிக்காட்டி விண்ணப்பிக்கப் பணியாளர்கள் பழக வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் இந்நிதியைப் பெறும் அமைப்புகள் சி.எஸ்.ஆர்-1 படிவத்தின் வழியே பதிவுபெற்றிருக்கவும் வேண்டும்.

சிக்கலைச் சட்டத்தின் அளவுகோலால் எழுதுதல்

பயிற்சியின் முதல் நாளில் நாங்கள் படிவத்தைத் திறப்பதில்லை. கடந்த ஆண்டில் தாம் கையாண்ட ஒரு வழக்கை நாள்வாரியாகச் சொல்லும்படி பணியாளரிடம் கேட்கிறோம். அவர் தமிழில் சொல்வதை அப்படியே எழுதி, அதனைச் சட்டத்துக்கு அருகில் வைத்துப் பார்க்கிறோம்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995 இன்படி விசாரணை 60 நாள்களுக்குள் முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து இயன்றவரை இரண்டு மாதங்களுக்குள் வழக்கு முடிக்கப்பட வேண்டும் என்று சட்டத்தின் பிரிவு 14 கூறுகிறது. மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். பிணை விசாரணை உள்ளிட்ட கட்டங்களில் பாதிக்கப்பட்டவரின் தரப்பும் கேட்கப்பட வேண்டும் என்கிறது பிரிவு 15அ.

சட்டம் சொல்வதற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியே முன்மொழிவின் சிக்கல் விளக்கம். அந்த இடைவெளியைக் குறைப்பதே குறிக்கோள். எத்தனை வழக்குகளில் குற்றப்பத்திரிகை காலத்துக்குள் தாக்கலானது, எத்தனை பிணை விசாரணைகளில் பாதிக்கப்பட்டவர் கேட்கப்பட்டார், எத்தனை குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை கட்டம் தவறாமல் கிடைத்தது என்பவையே அளவீடுகள். 'விழிப்புணர்வு ஏற்படுத்தப்படும்' என்று எழுதிப் பழகிய கை, இதற்குப் பின் அப்படி எழுதத் தயங்குகிறது.

வரவு செலவுத் திட்டம்

கணக்கைக் கணக்காளரிடம் விட்டுவிடும் வழக்கத்தை மாற்றியாக வேண்டும். வெளிநாட்டு நன்கொடை விதிகளின்படி வாடகை, சட்ட மற்றும் தொழில்முறைக் கட்டணங்கள், அறிக்கை எழுதித் தாக்கல் செய்யும் செலவு ஆகியவை நிர்வாகச் செலவுக் கணக்கில் வரும். ஓர் ஆண்டில் 10 இலட்சம் ரூபாய் பெறும் அமைப்பு இவை அனைத்துக்கும் சேர்த்து 2 இலட்சத்துக்குள் அடங்க வேண்டும். வழக்கறிஞர் கட்டணத்தை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதை நிதி வந்த பிறகு யோசிப்பது காலங்கடந்த யோசனை. செயல்பாடு ஒவ்வொன்றுக்கும் நேராக அதன் செலவை எழுதி, நேர் எழுதவியலாத செலவு எது என்று கேட்பதே நாங்கள் தரும் எளிய பயிற்சி.

பாதிக்கப்பட்டவரின் கண்ணியம்

நிதியளிப்போர் 'உண்மைக் கதை' கேட்பார்கள். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 72 இன்படி குற்றம். குழந்தைகள் தொடர்பில் போக்சோ சட்டத்தின் பிரிவு 23 தடை விதிக்கிறது. பெயரை மாற்றுவது மட்டும் போதாது. ஊர், தெரு, வழக்கு எண், பள்ளி ஆகியவற்றுள் எதுவும் அவரைக் காட்டிக்கொடுக்கலாம். சட்டம் தடுக்காத இடத்திலும் ஒப்புதலின்றி எழுதக் கூடாது. அவரைப் பற்றி எழுதியதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டிய பிறகே அனுப்ப வேண்டும் என்பது எங்கள் விதி.

பயிற்சிக்குப் பின் வழிகாட்டுதல்

இரண்டு நாள் பயிலரங்கில் யாரும் எழுதக் கற்றுக்கொள்வதில்லை. உண்மையான விண்ணப்பம் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்து எழுதுவதே வழிகாட்டுதல். வழிகாட்டி திருத்தி எழுதித் தரக் கூடாது. ஓரத்தில் கேள்விகளை மட்டுமே குறிக்க வேண்டும். முதல் வரைவு தமிழிலேயே அமையட்டும். மொழிபெயர்ப்பு கடைசிப் படி. அப்போதும் 'சாதி', 'தீண்டாமை' ஆகிய சொற்கள் மாறாமல் வந்துள்ளனவா என்று எழுதியவரே சரிபார்க்க வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தைக் கேட்டுப் பெற்று, சேர்ந்து படிக்க வேண்டும். நிராகரிப்பைத் தம் தகுதிக்கான தீர்ப்பாக எண்ணி ஒதுங்கிப்போகும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த நாளில்தான் வழிகாட்டி உடன் இருக்க வேண்டும்.

அமைப்பின் தலைமைக்கும் ஒரு கடமை உண்டு. எழுதியவரை நிதியளிப்போருடனான பேச்சுவார்த்தையில் அமர்த்த வேண்டும். முன்மொழிவை எழுதப் பெண் பணியாளர், கையெழுத்திடவும் பேசவும் ஆண் நிர்வாகி என்ற பிரிவினை நம் அமைப்புகளுக்குள்ளும் இருக்கிறது. பிறர் நமக்காகப் பேசுவதை எதிர்க்கும் நாம், நமக்குள் அதனைத் தொடர்வது முறையாகாது.

நிதி வரலாம், வராமலும் போகலாம். தம் பணியைத் தம் சொற்களில் எழுதத் தெரிந்த பணியாளர் அமைப்பில் இருப்பார். ஆட்சியருக்கான மனுவும் ஆணையத்துக்கான புகாரும் அதே கையால் எழுதப்படும்.