யானையின் துயில்: ஒரு பிழைச்செய்தியின் வரலாறு

யானைக்குக் கால்களில் மூட்டில்லை. ஆதலின் அது படுக்கவியலாது, மரத்தில் சாய்ந்து நின்றே துயிலும் என்னும் கருத்து ஐரோப்பிய நூல்களில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் வழங்கிவந்தது. நூல்வழிச் செய்தியும் கண்வழிச் செய்தியும் முரண்படுமிடத்து எது நிலைபெறுகிறது என்பதை அறிய இதன் வரலாறு துணைசெய்யும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே அரிஸ்டாட்டில் தம் விலங்கியல் நூலில் இதனை மறுத்துள்ளார். யானை நின்றவாறு துயில்வதாகச் சிலர் கூறுவது தவறு. அது கால்களை மடக்கி அமரும். உடலின் பாரத்தால் இருபுறமும் ஒருசேர மடங்கவியலாமையின் இடமாகவோ வலமாகவோ சாய்ந்து துயிலும் என்பது அவர்தம் கருத்தாகும். மறுப்பு இத்துணைத் தெளிவாக இருந்தும் கதை ஓயவில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான அகதார்கிடஸ், ஆப்பிரிக்க வேட்டுவர் யானை சாயும் மரத்தின் அடியை முன்னரே அறுத்து வைத்து, மரத்தோடு வீழும் யானையைக் கொல்வர் என எழுதினார். அவர் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. டயோடோரஸும் ஸ்ட்ராபோவும் எடுத்தாண்ட பகுதிகளால் இச்செய்தி அறியப்படுகின்றது. கி.மு. முதல் நூற்றாண்டில் ஜூலியஸ் சீசர் இதே கதையை ஜெர்மானியக் காடுகளின் பெருமான் ஒன்றின்மேல் ஏற்றிக் கூறினார். விலங்கு மாறிற்று, சாயும் மரமும், அறுத்த அடியும், வீழ்ந்தபின் எழவியலாமையும் மாறவில்லை. கண்டவர் கூற்றெனில் இத்துணை ஒற்றுமை அமைதல் அரிது. பின்னர் ‘பிசியோலோகஸ்’ என்னும் கிறித்தவ விலங்கு நூல், வீழ்ந்த யானையை ஆதாமுக்கு உவமையாக்கிச் சமயப்பொருள் தந்தது. கதை இடைக்காலம் முழுதும் நிலைத்தமைக்கு இதுவே தலையாய காரணம் எனலாம்.

1646இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் பிரௌன் மக்களிடையே வழங்கிய பொய்ம்மைகளைத் தொகுத்து மறுத்தபோது, யானையின் மூட்டையும் எடுத்துக்கொண்டார். இங்கிலாந்தில் சில ஆண்டுகளுக்கு முன் ஊரூராகக் காட்டப்பெற்ற யானை மண்டியிட்டதையும் படுத்ததையும் மக்கள் கண்டனர் என்று சுட்டும் அவர், இக்கருத்து இப்போது அடங்கினும் அடுத்த தலைமுறையில் மீண்டும் தலைதூக்கக்கூடும் என ஐயுற்றார்.

யானையைப் பழக்கி வளர்த்த இந்திய மரபில் இச்சிக்கலே எழவில்லை. அர்த்தசாஸ்திரத்தின் யானைத் தலைவர் பற்றிய பகுதி, இரவைப் பகுத்துத் துயிலுக்கும், படுத்தெழுவதற்கும் தனித்தனியே பொழுது வகுக்கின்றது. நாள்தோறும் யானையோடு உழன்ற பாகர் அறிவே இவ்விதியின் அடிப்படையாதல் வேண்டும்.

1992இல் வெளிவந்த ஆய்வொன்று, சர்க்கஸிலும் உயிர்க்காட்சிசாலையிலும் இருந்த ஆசிய யானைகள் இரவில் 4 முதல் ஆறரை மணிநேரம் வரை, பெரும்பாலும் படுத்தே, துயின்றதைப் பதிவுசெய்தது. ஆனால் 2017இல் வெளியான ஆய்வு வேறொரு நிலையைக் காட்டிற்று. போட்ஸ்வானாவின் சோபே தேசியப் பூங்காவில் இரு தலைமைப் பெண்யானைகளின் துதிக்கைத் தோலின்கீழ் அசைவுமானி பொருத்தியும், கழுத்துப்பட்டைக் கருவி பூட்டியும் 35 நாள்கள் கண்காணித்தனர். அவை நாளொன்றுக்குச் சராசரியாக 2 மணிநேரமே, அதுவும் பெரும்பாலும் நின்றவாறே துயின்றன. படுத்துறங்கியது மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறைதான். சில வேளைகளில் 46 மணிநேரம் வரை துயிலாமல் நெடுந்தொலைவு நடந்தன. சிங்கமோ, வேட்டைக்காரரோ, மதங்கொண்ட களிறோ அச்சுறுத்தியிருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

ஆக, யானை நின்று துயிலும் என்ற பழங்கதையின் ஒரு பாதி காட்டுயானையைப் பொறுத்தவரை மெய்யாயிற்று. மூட்டில்லை என்ற காரணமே பொய். அரிஸ்டாட்டிலின் மறுப்பும் அவ்வளவில் முழுமையுடையதன்று. இரண்டே யானைகளைக்கொண்டு இனம் முழுமைக்கும் விதி கூறலாகாது என்பதும் உண்மையே. எனினும், தசைகள் தளரும் கனவுத்துயில் படுத்த நிலையிலேயே நிகழக்கூடும் என்பதால், இவ்யானைகள் அதனைச் சில நாள்களுக்கு ஒருமுறையே பெற்றிருத்தல் வேண்டும். நினைவாற்றலுக்குப் பெயர்பெற்ற விலங்கிடம் காணும் இவ்வியல்பு, நினைவு நிலைபெற நாள்தோறும் கனவுத்துயில் வேண்டும் என்னும் கோட்பாட்டோடு பொருந்தவில்லை.